எங்களை ஆர் கேட்டது?

1994 ஏப்ரல் மாதத்தின் கடைசி நாட்களில் ஓர் இரவு, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன். பின்சில்லில் உரசிய டைனமோவில் இருந்து இரண்டு வயர்கள் திண்ணையில் இருந்த சிறிய வானொலிக்குப் போயின. வேகம் குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் தேய்ந்துவிடும், கூடினால் இரைச்சல் எழும். ஒரே சீராகச் சுற்றத் தெரிந்தவன் என்பதால், பிபிசி வானொலியின் தமிழோசை நேரத்தில் அந்த வேலை எப்போதும் என்னிடமே வரும். 1990 முதல் எங்களுக்கு மின்சாரம் இல்லை. பற்றரி, பெற்றோல், சீமெந்து, உரம் எல்லாம் இலங்கை அரசு எங்கள் பக்கம் வரவிடாமல் தடைசெய்த பொருட்கள். அளந்து கிடைத்த மண்ணெண்ணெயை ஜாம் போத்தலுக்குள் பஞ்சில் ஊற்றி, விரல் நுனி அளவு சுடரில் படித்தோம். சவர்க்காரக் கட்டி ஒன்று கிடைத்தால் அம்மா அதை நூலால் நான்காக அறுத்து, மூன்று துண்டுகளைச் சேலைகளுக்கு நடுவே ஒளித்துவைப்பார். உடுப்புத் தோய்க்கப் பனம்பழம் இருந்தது. தும்போடு கசக்கினால் மஞ்சளாக நுரைக்கும், அழுக்கும் போகும், ஆனால் கொடியில் காயும் சட்டையின் வாசத்துக்கு மாடு வந்து சப்பும் என்பதால் ஒருவர் காவல் இருக்க வேண்டும்.

அன்றைய செய்தி தென்னாப்பிரிக்கத் தேர்தல். வாழ்நாளில் முதன்முறையாக வாக்களிக்கப் போன கறுப்பின மக்கள் மைல் கணக்கில் வரிசையில் நின்றார்கள் என்றும், உலக நாடுகளின் பொருளாதாரத் தடையும் நிறவெறி ஆட்சியைப் பணியவைத்த காரணங்களில் ஒன்று என்றும் வானொலி சொன்னது. பொருளாதாரத் தடை என்ற சொல்லை நல்ல பொருளில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மிதியைச் சுற்றியபடியே, அந்தத் தடை நல்லது என்றால் எங்கள் மேல் இருப்பது மட்டும் எப்படிக் கூடாததாகும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது அந்தச் சனம் கேட்டு வாங்கின தடை. எங்களை ஆர் கேட்டது?" என்றார்.

முப்பது ஆண்டுகளாக நாடுகள் ஒன்றன்மேல் ஒன்று விதித்த வணிகத் தடைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வருகிறேன். அந்த ஒரு கேள்வியை விடக் கூர்மையான அளவுகோல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் மேல் விழுந்தது ஒரு நாட்டுக்குள்ளேயே விதிக்கப்பட்ட தடை, அதன் கதை வேறு. நான் இங்கே எழுத விரும்புவது, ஒரு நாடு இன்னொரு நாட்டில் ஜனநாயகத்தை உண்டாக்கப்போவதாகச் சொல்லி விதிக்கும் தடையைப் பற்றி. அதற்குக் கியூபாவை விட நீண்ட உதாரணம் இல்லை.

கியூபா மீதான அமெரிக்கத் தடையை விளங்கிக்கொள்ள விரும்புகிற எவரும் முதலில் வாசிக்க வேண்டியது, 1960 ஏப்ரல் 6 அன்று அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் உயர் அதிகாரி லெஸ்டர் மல்லொரி எழுதிய ஒரு சிறிய உட்குறிப்பு. பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் திணைக்களமே தன் ஆவணத் தொகுதியில் அதை வெளியிட்டது. கியூப மக்களில் பெரும்பான்மையினர் புரட்சியால் ஆட்சிக்கு வந்த பிடெல் காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள் என்று மல்லொரி அதில் தெளிவாக ஒப்புக்கொள்கிறார். பயன் தரக்கூடிய எதிர்ப்பு அங்கே இல்லை என்றும் சொல்கிறார். ஆகவே அந்த ஆதரவைக் கரைப்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரே வழி பொருளாதாரக் கஷ்டத்தால் மக்களுக்கு வெறுப்பு உண்டாக்குவதுதான் என்றும், கியூபாவுக்குப் பணமும் பொருளும் போகாமல் தடுத்து, கூலியின் பெறுமதியைக் குறைத்து, பசியையும் நிராதரவையும் வரவழைத்து, அதன் வழியே அரசைக் கவிழ்க்க வேண்டும் என்றும் எழுதுகிறார். பசி என்ற சொல் அந்தக் குறிப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதை முதன்முதலாக வாசித்த நாளில் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் பெரும்பான்மை விருப்பம் இன்னது என்று அறிந்த பிறகு, அந்த விருப்பத்தை மாற்றுவதற்காக அவர்களின் அடுப்பை அணைக்கலாம் என்று நாகரிகமான அலுவலக மொழியில் எழுதியிருந்தது.

அதற்குப் பின் நடந்தவை வேகமாக நடந்தன. அமெரிக்க நிறுவனங்களுக்குச் சொந்தமான சுத்திகரிப்பு ஆலைகள் சோவியத் எண்ணெயைச் சுத்திகரிக்க மறுத்தன, கியூப அரசு அவற்றைக் கைப்பற்றியது, 1960 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனாவர் கியூபாவிடம் வாங்கும் சர்க்கரையின் ஒதுக்கீட்டை வெட்டினார், ஒக்ரோபரில் உணவும் மருந்தும் தவிர்ந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 1962 பெப்ரவரியில் அடுத்த ஜனாதிபதி கென்னடி அதை முழுத் தடையாக்கினார். கையெழுத்திடுவதற்கு முந்தைய இரவு தனக்காக ஏறத்தாழ 1,000 கியூபச் சுருட்டுகளை வாங்கிவரச் சொன்னார் என்று அவருடைய பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பிற்காலத்தில் எழுதினார். தடையை விதிப்பவரின் வீட்டில் அது எதையும் குறைப்பதில்லை என்பதற்காகத்தான் இதை இங்கே சொல்கிறேன்.

இந்த முதல் முப்பது ஆண்டுகளில் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஜனநாயகம் முன்னே நிற்கவில்லை. பறிக்கப்பட்ட சொத்துகள், சோவியத் உறவு, ஏவுகணைகள், ஆபிரிக்காவுக்குப் போன கியூபப் படைகள் ஆகியவையே காரணங்கள். ஒரு வல்லரசு தன் பகைவனின் கூட்டாளியோடு வணிகம் செய்ய மறுப்பது, சரியோ பிழையோ, விளங்கிக்கொள்ளக்கூடிய காரியம். 1991-ல் சோவியத் ஒன்றியம் இல்லாமல் போனது, படைகள் வீடு திரும்பின. அப்போது தடை தளர்ந்திருக்க வேண்டும். மாறாக அது இறுகியது, புதிய பெயரும் சூட்டிக்கொண்டது. 1992-ன் சட்டத்துக்குக் கியூப ஜனநாயகச் சட்டம் என்று பெயர். வெளிநாடுகளில் உள்ள அமெரிக்கக் கிளை நிறுவனங்களும் கியூபாவோடு வணிகம் செய்யக் கூடாது என்றும், கியூபத் துறைமுகத்தில் வணிகத்துக்காக நின்ற கப்பல் 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்துக்குள் சரக்கு ஏற்றவோ இறக்கவோ வரக் கூடாது என்றும் அது சொன்னது. அந்தக் கிளை நிறுவனங்கள் கியூபாவுக்கு விற்றவற்றில் பெரும்பகுதி உணவுப் பொருட்கள். அந்த ஆண்டு தேர்தல் ஆண்டு. மசோதாவை வேட்பாளர் கிளின்டன் மயாமியில் ஆதரித்துப் பேசினார், ஜனாதிபதி புஷ் மயாமிக்கே போய்க் கையெழுத்திட்டார். கியூபப் புலம்பெயர்ந்தோர் வாழும் புளோரிடாவின் வாக்குகள் இருவருக்கும் தேவைப்பட்டன.

இரண்டாவது, 1996-ன் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம். மயாமியைச் சேர்ந்த கியூபப் புலம்பெயர் அமைப்பு ஒன்றின் இரண்டு சிறு விமானங்களைக் கியூபப் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தி நான்கு பேரைக் கொன்ற சில வாரங்களில் அது நிறைவேறியது. அந்தக் கொலைகளை நியாயப்படுத்த ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. ஆனால் அந்தச் சட்டத்தை வாசிக்கும்போது மனதுக்குச் சங்கடமாக இருக்கிறது. அதுவரை ஜனாதிபதியின் ஆணையாக இருந்த தடையை அது சட்டமாக்கியது. இனி அதை முழுமையாக நீக்க வேண்டுமானால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் நீக்க வேண்டும். இடைக்கால அரசு என்று அமெரிக்கா ஏற்றுக்கொள்வதற்கு இருக்க வேண்டிய தகுதிகளை அது வரிசைப்படுத்துகிறது, அவற்றில் ஒன்று அந்த அரசில் பிடெல் காஸ்ட்ரோவோ அவர் தம்பி ராவுல் காஸ்ட்ரோவோ இருக்கக் கூடாது என்பது. இருவரின் ஆட்சியையும் நான் ஆதரித்ததில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் அரசில் யார் இருக்கக் கூடாது என்று பெயர் குறித்துச் சொல்லும் அதிகாரம் இன்னொரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் இருக்குமானால், அந்தச் சட்டத்தின் தலைப்பில் உள்ள ஜனநாயகம் என்ற சொல்லுக்கு நான் எந்தப் பொருளைக் கொள்வது?

தடையால் மட்டுமே கியூபா வறுமைப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது உண்மையில்லை. சோவியத் உதவி நின்றபோது நாட்டின் மொத்த உற்பத்தி நான்கு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. எல்லாவற்றையும் அரசே நடத்த வேண்டும் என்ற பிடிவாதமும், சர்க்கரையையே நம்பிய பொருளாதாரமும் ஹவானா அரசின் சொந்தப் பிழைகள். ஆனால் விழுந்து கிடப்பவன் எழும்பப் பார்க்கிற நேரத்தில்தான் 1992-ன் சட்டம் வந்தது. அதே ஆண்டு, மேற்கே புகையிலை விளையும் பினார் தெல் ரியோ மாகாணத்தில் மனிதர்களுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் 50,000-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். சிலருக்குக் கால்கள் மரத்தன. பார்வை நரம்பு பழுதானதற்கு முதன்மையான காரணம் சத்துக்குறைவு என்று மருத்துவர்கள் கண்டார்கள், அரசு மக்கள் அனைவருக்கும் விற்றமின் மாத்திரைகள் கொடுத்த பிறகு நோய் அடங்கியது. பெற்றோல் இல்லாத தெருக்களில் சீனாவில் இருந்து இறக்கிய சைக்கிள்கள் ஓடின. அவ்வளவு தூரத்தில், மொழி தெரியாத ஒரு தீவில், நாங்கள் சைக்கிள் மிதித்த அதே ஆண்டுகளில் அவர்களும் மிதித்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

பசி வந்தது. மல்லொரி எதிர்பார்த்த மற்றது வரவில்லை. 1994 ஓகஸ்ட்டில் ஹவானாவின் கடற்கரைச் சாலையில் ஒரு நாள் கலகம் எழுந்தது, பிறகு 30,000-க்கு மேற்பட்டோர் கட்டுமரம் போன்ற தெப்பங்களில் கடலில் இறங்கினார்கள், ஆட்சி அப்படியே இருந்தது. ஏன் என்பதை யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொருள் அரிதானால் சந்தை சுருங்கும். சந்தை சுருங்கினால் பங்கிட்டுக் கொடுப்பவரின் கை பெரிதாகும். யாருடைய பெயர் அட்டையில் இருக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவரே வீட்டின் மூத்தவர் போல ஆகிவிடுகிறார், அவரோடு முரண்படுவதற்கு மனிதர்கள் அஞ்சுவார்கள். கியூபாவில் 1962-ல் இருந்தே அரசின் பங்கீட்டுப் புத்தகம் உண்டு. ஈராக்கில் 1990-க்குப் பின்னான தடைக் காலத்தில் மாவும் அரிசியும் சதாம் உசேனின் அரசு கொடுத்த அட்டையில்தான் வந்தன. ஆட்சியைப் பலவீனப்படுத்த விதிக்கப்பட்ட தடை, மக்கள் ஆட்சியாளரின் கையை எதிர்பார்த்து நிற்கும்படி செய்கிறது. அதோடு எல்லாக் குறைக்கும் ஒரு காரணத்தையும் அவருக்குக் கொடுத்துவிடுகிறது. ஹவானா அதைத் தடை என்றே சொல்வதில்லை, முற்றுகை என்ற பொருளில் 'புளோக்கேயோ' என்கிறது. முற்றுகைக்குள் இருக்கும் கோட்டையில் எதிர்த்துப் பேசுபவன் துரோகி என்று சொல்வது எளிது.

அதை அவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். 2002-ல் ஒஸ்வால்டோ பாயா என்ற கத்தோலிக்கர், கியூப அரசியலமைப்பே அனுமதித்தபடி 11,000-க்கு மேற்பட்ட குடிமக்களின் கையெழுத்தைத் திரட்டி, பேச்சுரிமைக்கும் சுதந்திரமான தேர்தலுக்கும் பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்று தேசிய சபையில் கொடுத்தார். கியூபாவில் ஜனநாயகம் என்ற சொல்லுக்கு உயிர் இருந்த இடம் அந்தக் காகிதக் கட்டுகள் என்றே நினைக்கிறேன். அரசு அதற்கு வாக்கெடுப்பு வைக்கவில்லை, சோசலிசம் மாற்றவே முடியாதது என்று அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. அடுத்த ஆண்டு 75 மாற்றுக் கருத்தாளர்கள் சிறைக்குப் போனார்கள், கையெழுத்துத் திரட்டியவர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். 2021 ஜூலையில் தெருவுக்கு வந்தவர்களில் சிலருக்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட சிறை. இரண்டு பக்கத்துக் கதவுகளும் பூட்டப்பட்டிருந்தன. உள்ளே பூட்டியவருக்கும் வெளியே பூட்டியவருக்கும் இடையில் இருந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 1998 ஜனவரியில் ஹவானாவுக்குப் போன போப் இரண்டாம் யோவான் பவுல் ஒரே பயணத்தில் கைதிகளை விடுவிக்கும்படியும் கேட்டார், வெளியில் இருந்து திணிக்கப்பட்ட பொருளாதார நடவடிக்கைகள் அநீதியானவை என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும் என்பது அப்போது பலருக்கு வியப்பாக இருந்தது.

இனி அப்பா சொன்ன மற்றத் தடைக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முதலில் நிறுத்தியது இந்தியா, 1946-ல், தான் சுதந்திரம் அடைவதற்கு முன்பே. இந்தியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 சதவீதம் அந்த நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் அந்த இழப்பு சிறியதல்ல. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரின் பேரப்பிள்ளைகளும் மற்ற இந்தியரும் எங்கே காணி வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்த சட்டமே உடனடிக் காரணம். ஆனால் என்னை நிறுத்திவைத்தது 1959 டிசம்பரின் ஓர் அறிக்கை. ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி, தென்னாப்பிரிக்க இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்த டர்பன் மருத்துவர் ஜி. எம். நாயக்கர், லிபரல் கட்சியின் பீற்றர் பிரவுன் மூவரும் சேர்ந்து, தென்னாப்பிரிக்கப் பொருட்களை வாங்காதீர்கள் என்று பிரித்தானிய மக்களிடம் கேட்டார்கள். புறக்கணிப்பால் ஆபிரிக்கர்களுக்குக் கஷ்டம் வரும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை என்றும், இரத்தம் சிந்தும் நாளை அது குறுக்குமானால் அந்தத் துன்பம் நாங்கள் கொடுக்கச் சம்மதிக்கும் விலை என்றும் அதில் எழுதினார்கள். நாங்கள் ஏற்கெனவே துன்பப்படுகிறோம், எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே போதிய உணவில்லாமல் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

விலை என்ற சொல்லை இன்னோர் இடத்திலும் கேட்டிருக்கிறேன். 1996-ல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், ஈராக் மீதான தடையால் அரை மில்லியன் குழந்தைகள் இறந்ததாகச் சொல்கிறார்களே, அந்த விலை தகுமா என்று கேட்கப்பட்டபோது, ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் மடலின் ஆல்பிரைட், அந்த விலை தகும் என்றே நினைக்கிறோம் என்றார். அந்த எண்ணிக்கை மிகையானது என்று பின்னர் தெரியவந்தது, சொன்னதற்காக ஆல்பிரைட்டும் பின்னாளில் வருந்தினார். இரண்டையும் நான் மனதில் கொண்டுதான் சொல்கிறேன்: லுத்துலி தன் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசினார், தூதர் அடுத்தவர் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசினார். ஒரே சொல் இரண்டு வாய்களில் இரண்டு பொருள் கொள்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சுதந்திரமாகப் பேச முடியாத நாட்டில் மக்களை எப்படிக் கேட்பது? லுத்துலியையும் எவரும் பொதுத்தேர்தலில் தெரிவுசெய்யவில்லையே? மயாமியில் தடையை ஆதரிப்பவர்களும் கியூபர்கள்தானே, வீடும் காணியும் பறிகொடுத்து, சிலர் சிறையும் கண்டு வந்தவர்கள்தானே? இதை நான் லேசாகத் தள்ளவில்லை. ரொறன்ரோவில் இருந்துகொண்டு ஊரைப் பற்றி உறுதியான தீர்மானங்கள் சொல்லும் எங்களில் பலரை நினைத்துப் பார்க்கிறேன். ஊரை இழந்தவனின் வலி உண்மையானது, ஆனால் இன்று வரிசையில் நிற்பவன் அவன் இல்லை. தடையைக் கேட்பவர் அதன் பாரத்தைச் சுமப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது ஒன்று. என் கண்ணில் அதைவிடப் பெரியது, போதும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது. 1993 செப்டெம்பரில் மண்டேலா ஐ.நா.வுக்குப் போய், பொருளாதாரத் தடைகளை நீக்கும் நேரம் வந்துவிட்டது என்றார். தேர்தல் நடப்பதற்கு முன்பே, அவர் கேட்டுக்கொண்டபடி நாடுகள் நீக்கத் தொடங்கின. கேட்டவரே நிறுத்தினார். கியூபாவில் அப்படி நிறுத்தச் சொல்லும் இடத்தில் எந்தக் கியூபரும் இல்லை. நாளை முற்றிலும் சுதந்திரமான தேர்தலில் ஒரு நாடாளுமன்றம் தெரிவாகி, தடையை எடுங்கள் என்று ஒருமனதாகத் தீர்மானித்தாலும், பறிக்கப்பட்ட அமெரிக்கச் சொத்துகளைத் திருப்பிக் கொடுப்பதில் முன்னேற்றம் உண்டா என்பது உட்பட எல்லாவற்றையும் சரிபார்த்துச் சான்று கொடுக்க வேண்டியவர் வாஷிங்டனில் இருப்பார்.

வாஷிங்டனுக்கு ஆட்களை அனுப்பிய வாக்காளர்களின் விருப்பம்கூட அதில் முழுதாக இல்லை. ஒபாமா தூதரகத்தைத் திறந்த 2015-ல் எடுத்த கருத்துக்கணிப்புகளில் அமெரிக்கர்களில் பெரும்பான்மையினர் தடையை நீக்க வேண்டும் என்றார்கள். காங்கிரஸ் அசையவில்லை. 2000-ல் இருந்து உணவு விற்கச் சட்டத்தில் வழி உண்டு, முன்பணம் கட்டினால் உறைகோழி வரும். ஐ.நா. பொதுச்சபையில் 1992 முதல் தடைக்கு எதிரான தீர்மானம் நிறைவேறி வருகிறது, 2024-ல் 187 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்தவை 2. அந்த வாக்குகளால் யாரையும் கட்டுப்படுத்த முடியாது.

2023-ல் நான் கியூபாவுக்குப் போனேன். கனடாவில் இருந்து அது மூன்றரை மணிநேரப் பறப்பு. பெட்டியில் பாதியைச் சவர்க்காரத்தாலும் காய்ச்சல் மாத்திரைகளாலும் நிரப்பிக்கொண்டு போவது இங்கிருந்து போகிறவர்களின் வழக்கம். மத்தன்சாஸ் நகரத்தில் அறை வாடகைக்கு விடும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டில் தங்கினேன். சவர்க்காரக் கட்டிகளைக் கொடுத்தபோது அவர் ஒன்றை எடுத்து உறையோடு மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார், பிறகு எல்லாவற்றையும் கொண்டுபோய் அலமாரியில் மடித்த விரிப்புகளுக்கு நடுவே வைத்தார். அன்றிரவு மின்சாரம் போனது. இருட்டில் அமர்ந்து பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்த கதையைச் சொன்னேன், அவருடைய மகன் மொழிபெயர்த்தார், மாடு சட்டையைச் சப்பும் இடத்தில் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். தன் பங்குக்குத் தொண்ணூறுகளில் வகுப்பில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததைச் சொன்னார். வாஷிங்டன் மேலும் கோபம் இருந்தது, தன் அரசின் மேலும் இருந்தது, இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

உங்கள் தடை எப்படி முடிந்தது என்று கேட்டார். 2002-ல் ஒரு போர்நிறுத்தம் வந்தது, விதித்தவர்களே எடுத்தார்கள் என்றேன்.

"அப்போதாவது உங்களைக் கேட்டார்களா?"

இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பி, மெழுகுதிரி எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார்.